போன் படம் டிவியில் வரவில்லையா? செட்டிநாட்டு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கோளாறைத் தேடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் படம் எந்த வழியாக டிவிக்குப் போகிறது? கம்பியில்லாமல் அனுப்புவதில் இரண்டு வழி உண்டு. முதல் வழியில் போனும் டிவியும் ஒரே ரூட்டரில் சேர்ந்திருக்கும். படம் ரூட்டர் வழியாகப் போகும். கூகுள் காஸ்ட் இந்த வகை. ஆப்பிளின் ஏர்பிளேவும் வீட்டு டிவிகளில் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. இரண்டாவது வழியில் ரூட்டருக்கே வேலை இல்லை. போன் நேராக டிவியைப் பிடித்துக்கொள்ளும். 2012இல் வந்த மிராகாஸ்ட் இந்த வகை.

வழி தெரியாமல் வைத்தியம் பார்ப்பதால்தான் பாதி நேரம் வீணாகிறது. மிராகாஸ்டில் ஓடும் டிவிக்காக ரூட்டரை நாலு முறை அணைத்துப் போடுவார்கள்; ஒன்றும் நடக்காது. கண்டுபிடிப்பது சுலபம். ரூட்டரை அணைத்துவிட்டு, போனில் வைஃபை சுவிட்ச் மட்டும் போட்டபடியே இருக்கட்டும். டிவியிலும் ஸ்கிரீன் மிரரிங் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இப்போதும் போனில் டிவி பெயர் தெரிந்தால் அது மிராகாஸ்ட். பெயர் மறைந்துபோனால் ரூட்டர் வழி.

ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது. கூகுளின் பிக்சல் போன்களிலும் கிடையாது. டிவி பெட்டியில் ‘மிராகாஸ்ட்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் இந்த இரண்டு போன்களும் அதில் சேராது. எந்த செட்டிங்ஸை மாற்றியும் பயனில்லை. சாம்சங்கின் ஸ்மார்ட் வியூ, விவோவின் ஸ்மார்ட் மிரரிங் போன்றவை பெரும்பாலும் மிராகாஸ்டைத்தான் முதலில் தேடும். யூடியூபில் தெரியும், மூலையில் மூன்று வளைவு போட்ட செவ்வகக் குறி ரூட்டர் வழிக்குரியது.

டிவியின் பெயரே போனில் வரவில்லை

மிராகாஸ்ட் என்றால் முதலில் டிவியைப் பாருங்கள். பல டிவிகளில் ஸ்கிரீன் மிரரிங், ஸ்கிரீன் ஷேர் என்ற பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் டிவி தன் பெயரை வெளியே காட்டும். சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது தேடினால் கிடைக்காது. பழைய ஆண்ட்ராய்டு போன்களில் லொகேஷன் சுவிட்ச் அணைந்திருந்தாலும் தேடல் வேலை செய்யாது. அதையும் போட்டுவிடுங்கள்.

ரூட்டர் வழி என்றால் சங்கதி கொஞ்சம் பெரிது. இந்தப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி தட்டுப்படும் காரணம், வீட்டில் இரண்டு ரூட்டர் இருப்பதுதான். இணைய இணைப்பு முகப்பில் வந்து இறங்கும். சிக்னல் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டுக்கு எட்டவில்லை என்று ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ரூட்டரை வைத்திருப்பார்கள். இன்டர்நெட் இரண்டு இடத்திலும் நன்றாகவே வரும், யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும். ஆனால் இரண்டாவது ரூட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொண்டிருக்கும். முகப்பு ரூட்டரில் சேர்ந்த போனுக்கு உள்கட்டு டிவி கண்ணிலேயே படாது. ஒரு பெயரை இரண்டு ரூட்டருக்கும் வைத்திருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஒரே வைஃபை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதைச் சரிபார்க்க, போனில் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தச் சாதனத்துக்குரிய எண்ணைப் பாருங்கள். டிவியில் நெட்வொர்க் நிலை என்ற பக்கத்தில் அதன் ஐபியைப் பாருங்கள். வீட்டு ரூட்டர்களில் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போனில் 192.168.1.14, டிவியில் 192.168.1.20 என்றால் சரி. டிவியில் 192.168.0.20 என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்.

சரிசெய்ய இரண்டாவது ரூட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் சிக்னலை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்ற வேண்டும். பல ரூட்டர்களில் ஆபரேஷன் மோட் என்ற இடத்தில் இது நேராகவே இருக்கும். தேர்ந்தெடுத்தால் தானே மறுபடி துவங்கும். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால் கையால் செய்யலாம். முதலில் அதன் லேன் (LAN, வீட்டு நெட்வொர்க்) முகவரியை முகப்பு ரூட்டரின் வரிசைக்குள், வேறு யாருக்கும் போகாத எண்ணாக மாற்றுங்கள். முகப்பு ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 வைக்கலாம். முகப்பு ரூட்டர் மற்ற சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் வரிசையில் அந்த எண் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து அதில் மற்ற சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். கடைசியாக, முகப்பிலிருந்து வரும் கேபிளை ‘வான்’ (WAN) துளையிலிருந்து பிடுங்கி, ‘லேன்’ துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்; டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் ரூட்டரின் உள்ளே நுழைவதே சிரமமாகிவிடும்.

ஐபி வரிசை ஒன்றாக இருந்தும் பெயர் வரவில்லை என்றால், ரூட்டரில் ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் இது வழக்கமாகப் போட்டபடியே இருக்கும். ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் விடுதியாக மாறியிருக்கும் பெரிய வீடுகளில் விருந்தினர் வைஃபையில் அறை டிவி தெரியாமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அங்கே அந்தத் தடுப்பு விருந்தினர் பாதுகாப்புக்கு அவசியம். அதை எடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு எச்டிஎம்ஐ கேபிளோ, மிராகாஸ்டோ போதும்.

போனின் இணையத்தை வேறு சர்வர் வழியே திருப்பிவிடும் விபிஎன் ஓடினால் அணையுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க் என்று போய், நீங்கள் அனுப்பப் பார்க்கும் செயலிக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். முதல் நாள் கேட்ட கேள்விக்கு அவசரத்தில் ‘வேண்டாம்’ அழுத்தியிருந்தால் அது மறுபடி கேட்காது.

ரூட்டரே இல்லாத வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி காஸ்ட் செய்பவர்களுக்கு ஒரு யோசனை. ஹாட்ஸ்பாட் தரும் போனிலிருந்தே அனுப்பினால் பல போன்களில் டிவி தெரியாது. ஹாட்ஸ்பாட் ஒரு போனில் இருக்கட்டும். டிவியும் படம் அனுப்பும் இன்னொரு போனும் அதில் சேரட்டும்.

பெயர் வருகிறது, சேர மாட்டேன் என்கிறது

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கோ, படைப்பு எனும் முன்னோர் வழிபாட்டுக்கோ திறக்கும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். திரும்பி வந்து போட்டதும் டிவியின் கடிகாரமும் தேதியும் தவறாக நிற்கும். எதிர்ப்பக்கம் நம்பத்தக்கதா என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களை டிவி தேதியை வைத்துத்தான் சோதிக்கிறது. தேதி தவறினால் இணைப்பை மறுத்துவிடும். முதல் வேலையாகத் தேதி, நேரத்தைத் ‘தானியங்கி’யில் போடுங்கள். பிறகு சிஸ்டம் அப்டேட் பார்த்து முடித்துவிடுங்கள். அது ஓடும்போது டிவி மந்தமாகத்தான் இருக்கும். விசேஷத்தன்று காலையில் திறக்காமல் இரண்டு நாள் முன்னதாக ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சான்றிதழ் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025 மார்ச்சில் நடந்ததைச் சொல்லலாம். டிவியில் செருகும் கூகுள் சாதனங்களான, 2015இல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டுகள் உலகமெங்கும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. உள்ளே இருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்ததே காரணம். கூகுள் புதிய மென்பொருள் அனுப்பிச் சரிசெய்தது. அதற்குள் பதற்றத்தில் ஃபேக்டரி ரீசெட் செய்தவர்களுக்குத்தான் கூடுதல் தொல்லை. பழைய குரோம்காஸ்ட் ஒன்று அதற்கு முன்பிருந்தே அலமாரியில் கிடந்தால், செருகி வைத்து அப்டேட் ஆக விடுங்கள். ரீசெட் கடைசி மருந்தாக இருக்கட்டும்.

மிராகாஸ்டில் சேராமல் போனால் பழைய பதிவை அழிக்க வேண்டும். போனில் வைஃபை டைரக்ட் பட்டியலில் நினைவில் இருக்கும் குழுக்களை நீக்குங்கள். டிவியில் இணைந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்து உங்கள் போனின் பெயர் ‘மறுக்கப்பட்டது’ என்று இருக்கிறதா பாருங்கள். திரையில் வந்த அனுமதிக் கேள்விக்கு யாரோ ரிமோட்டில் மாற்றி அழுத்தியிருப்பார்கள். சாம்சங் டிவியில் எக்ஸ்டர்னல் டிவைஸ் மேனேஜர், அதற்குள் டிவைஸ் கனெக்ஷன் மேனேஜர் என்று இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். அழித்த பின் டிவியின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்குகிறதே தவிர அணைவதில்லை.

படம் வருகிறது, விக்கி விக்கி ஓடுகிறது

செட்டிநாட்டு வீட்டுக்கென்றே உள்ள கோளாறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். செங்கலும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி, இரண்டடி கனத்தில் எழுப்பிய சுவர்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவிலிருந்து பின் தெரு வரை நீளும் அமைப்பு. அலை ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் தேய்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை 2.4 ஜிகாஹெர்ட்ஸைவிட வேகமாகத் தேயும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் இரும்புப் பீரோவும் அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆகவே ரூட்டரைப் பீரோவுக்குப் பின்னாலோ, பெரிய கண்ணாடிக்கு எதிரிலோ வைக்காதீர்கள்.

இதே வீட்டில் அலைக்குச் சாதகமான இடமும் உண்டு: வளவு. நடுவில் திறந்தவெளி, சுற்றிலும் தூண் தாழ்வாரம், அறைக்கதவுகள் எல்லாம் அதைப் பார்த்தே திறக்கின்றன. ரூட்டரை முகப்பின் மூலையிலிருந்து எடுத்து, வளவுத் தாழ்வாரத்தில் ஏழெட்டு அடி உயரத்தில், மழைச் சாரல் படாத இடத்தில் வைத்தால் பல அறைகளுக்குக் கதவு வழியாகவே சிக்னல் போய்ச் சேரும். டிவி இருக்கும் அறையின் கதவு திறந்திருக்கும்போது படம் சீராக ஓடி, மூடியதும் விக்கினால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. இலவச வைஃபை அளவுச் செயலியில் டிவிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மைனஸ் 60 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்), அதைவிட மேலே என்றால் போதும். மைனஸ் 70க்குக் கீழே போனால் படம் விக்கும்.

ரூட்டர் வழியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. போன் திரையை அனுப்பும்போது படம் போனிலிருந்து ரூட்டருக்கு ஒரு முறை, ரூட்டரிலிருந்து டிவிக்கு ஒரு முறை என்று காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. டிவிக்கு லேன் கேபிள் கொடுத்துவிட்டால் அதில் ஒரு பயணம் மிச்சம். விக்கலுக்கு இதைவிட உறுதியான மருந்து இல்லை என்றே சொல்வோம். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். நீளமான வீட்டுக்கும் அது போதும். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வேகம்தான். திரைப்படம் அனுப்ப அதுவே தாராளம்.

கேபிள் இழுக்கும்போது ஒரு வேண்டுகோள். தேக்கு நிலையில் துளை போடாதீர்கள். வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவர்ப்பூச்சில் ஆணி அடிக்காதீர்கள். ஒரு முறை பெயர்ந்தால் அந்தப் பூச்சை அதே பளபளப்போடு மீட்டெடுக்கத் தேர்ந்த கொத்தனார் கிடைப்பது அரிது. கதவுக்கு மேலுள்ள காற்றுச் சாளரம் வழியாகவும், மச்சு உத்திரத்தின் மேல்புறமாகவும் கேபிளைக் கொண்டுபோகலாம். ஏற்கெனவே மின்கம்பி போகும் துளை இருந்தால் அதன் வழியே நுழைக்காமல் சற்றுத் தள்ளிக் கொண்டுபோங்கள்.

மிராகாஸ்டில் விக்கினால் காரணம் பெரும்பாலும் வேறு. போன் ஒரே சமயத்தில் ரூட்டரையும் டிவியையும் பிடித்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு வைஃபை சேனலில் (அலைவரிசையில்) இருந்தால் போன் இங்கும் அங்கும் மாறி மாறி ஓட வேண்டும். போனை வைஃபை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து, வைஃபை சுவிட்சை மட்டும் போட்டபடி விட்டுப் பாருங்கள். படம் சீரானால் இதுதான் காரணம். நிரந்தரத் தீர்வுக்கு, ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலைத் தானியங்கியில் விடாமல் 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக வையுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை என்பதால் நேரடி இணைப்பு அவற்றை ஒதுக்கும். 2.4இல் இருந்தால் 1, 6, 11 ஆகியவற்றில் அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்ததைப் பிடியுங்கள். மிராகாஸ்டுக்குப் போனும் டிவியும் ஒரே அறையில் இருக்க வேண்டும். நடுவில் சுவர் வைத்து முயலாதீர்கள்.

ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அறுந்துபோகிறது

டிவிக்குப் பின்னால் செருகும் குச்சி வகைச் சாதனம் என்றால் அதன் மின்சாரத்தைப் பாருங்கள். டிவியின் யுஎஸ்பி துளை பலவற்றில் 500 மில்லிஆம்பியர்தான் தரும். பல சாதனங்களுக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும். படம் ஓடத் தொடங்கியதும் இழுவை கூடி, அது தானே அணைந்து மறுபடி துவங்கும். சுவர் ப்ளக்கில் தனி அடாப்டர் கொடுங்கள். மெல்லிய, நீண்ட யுஎஸ்பி கம்பியும் இதே கோளாறைத் தரும்.

மின்வெட்டு நேரத்தில் டிவி இன்வெர்ட்டரிலும் ரூட்டர் வெளியிலும் இருந்தால் இணைப்பு அறுவது இயல்பு. இரண்டையும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் தனியாக இருக்கும் ஓஎன்டி பெட்டியையும் சேர்த்து.

போனில் பேட்டரி சேவரை அணையுங்கள். திரை பூட்டிக்கொண்டால் மிரரிங் நின்றுவிடும் போன்கள் உண்டு. ஸ்கிரீன் டைம்அவுட்டைப் பத்து நிமிடத்துக்கு நீட்டுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்து, சார்ஜும் போட்டுக்கொண்டு அனுப்பினால் போன் சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றி நிழலில் வையுங்கள்.

படம் உண்டு, சத்தம் இல்லை

போன் ஏதாவது புளூடூத் ஹெட்செட்டிலோ ஸ்பீக்கரிலோ சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூகுள் காஸ்டில் முழுத் திரையை அனுப்பும்போது சத்தம் வராவிட்டால், செயலிகள் பட்டியலில் கூகுள் பிளே சர்வீசஸைத் திறந்து மைக்ரோஃபோன் அனுமதியைக் கொடுங்கள். சம்பந்தம் இல்லாத அனுமதி போலத் தோன்றும். திரையோடு ஒலியைச் சேர்த்து அனுப்ப அது தேவைப்படுகிறது.

வீடியோ காலில் மட்டும் சத்தம் போனிலேயே நிற்கிறதா? அது கோளாறில்லை. அழைப்பின் குரலை மற்ற ஒலிகளைப்போல மிரரிங்கில் எடுத்துப்போக ஆண்ட்ராய்டு விடுவதில்லை. பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பேசும் ஆயாவின் முகம் வளவு டிவியில் வரும், குரல் போனில் வரும். போனின் ஹெட்செட் துளையிலிருந்து ஆக்ஸ் கம்பி போட்டோ, புளூடூத் வழியாகவோ ஒரு ஸ்பீக்கருக்குக் குரலைக் கொடுங்கள். டிவிக்குள்ளேயே வீடியோ கால் வசதியும் கேமராவும் இருந்தால் அதுவே மேல்.

சத்தம் உண்டு, திரை கறுப்பு

நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் பதிப்புரிமைக்காகத் திரை நகலெடுப்பதை மறைத்துவிடுகின்றன. வங்கிச் செயலிகளும் அப்படியே. போனில் மாற்ற ஒன்றுமில்லை. டிவியிலேயே அந்தச் செயலியைப் போட்டு அதே கணக்கில் நுழையுங்கள். எல்லாச் செயலியும் கறுப்பாக வந்தால் மட்டும், குச்சி வகைச் சாதனத்தை வேறு எச்டிஎம்ஐ துளையில் செருகிப் பாருங்கள்.

படம் ஒடுங்கி வருகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது

போனை நட்டமாகப் பிடித்தால் டிவியின் அகலத்தில் கால்வாசிக்குத்தான் படம் வரும். 20:9 போனுக்கு 16:9 டிவியில் கணக்கு அப்படி. ஆட்டோ ரொட்டேட்டைப் போட்டுப் போனைப் படுக்கவையுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் சைஸில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கை வைத்த பின் படம் தாமதமாக அசைகிறது

போன் படத்தைச் சுருக்கி அனுப்ப, டிவி விரித்துக் காட்ட நேரம் பிடிக்கிறது. முழுதாகப் போக்க முடியாது. டிவியைக் கேம் மோடில் போட்டால் குறையும். வாயசைப்பும் குரலும் ஒட்டாமல் போனால், டிவியோடு சேர்த்த சவுண்ட்பாரை அணைத்து டிவி ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். சரியானால் சவுண்ட்பாரின் ஆடியோ டிலேயைத்தான் திருத்த வேண்டும்.

நம் படம் வேறொரு டிவிக்குப் போய்விட்டது

ஒரு வீட்டைப் பல புள்ளிகள் (குடும்பங்கள்) பங்கிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரே கம்பெனி டிவி மூன்று இருக்கும். பட்டியலில் மூன்றும் ஒரே பெயரில் நிற்கும். டிவி செட்டிங்ஸில் சாதனப் பெயரை ‘வளவு டிவி’, ‘மாடி டிவி’ என்று மாற்றுங்கள். அனுப்புவதற்கு முன் போனை டூ நாட் டிஸ்டர்பில் போடுங்கள். பந்தல் நிறைய உறவினர் இருக்கும்போது வங்கிக் குறுஞ்செய்தி பெரிய திரையில் மின்னுவது யாருக்கும் பிடிக்காது.

இவ்வளவும் செய்தும் நிற்கவில்லை என்றால்

தாலி கட்டும் நேரத்தைக் கம்பியில்லா இணைப்பை நம்பி விடாதீர்கள். அன்றைக்கு வளவில் நூறு போன்கள் ஒரே காற்றில் இருக்கும். கேபிளில் போடுங்கள். வாங்கும் முன் உங்கள் போனின் யுஎஸ்பி சி துளையில் ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ (அந்தத் துளை வழியே படத்தை வெளியே அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று மாடல் விவரத்தில் பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இல்லை; அவற்றில் யுஎஸ்பி சி எச்டிஎம்ஐ கேபிள் போட்டாலும் திரை வராது. ஐபோன் 15 முதல் யுஎஸ்பி சி துளையில் படம் வெளிவரும். அதற்கு முந்தைய ஐபோனுக்கு லைட்னிங் டிஜிட்டல் ஏவி அடாப்டர் வேண்டும். அதன் பக்கவாட்டுத் துளையில் சார்ஜரையும் செருகிவையுங்கள்.